காத்யாயனி அன்று என்ன சமைத்தாள்?

1987 நவம்பர் 14, சனிக்கிழமை, மாலை ஆறு மணி நாற்பது நிமிடம். நான்கு நாள் பெய்த மழை அன்று மதியம் விட்டிருந்தது. காற்றில்லை. ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் பிள்ளையார் கோவிலின் தகரக் கொட்டகை விளிம்பிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உபன்யாசம் கேட்க வந்திருந்தவர்கள் அறுபத்தொரு பேர். பெண்கள் முப்பத்தெட்டு, ஆண்கள் இருபத்துமூன்று.

அன்றைய கதை யாக்ஞவல்கியர் வீட்டை விட்டுப் போனது. அந்த முனிவருக்கு மைத்ரேயி, காத்யாயனி என்று இரண்டு மனைவிகள். காட்டுக்குப் போகுமுன் இருப்பதை இருவருக்கும் பிரித்துக் கொடுக்க வருகிறார். இதை வைத்துக்கொண்டு சாகாமல் இருக்க முடியுமா என்று மைத்ரேயி கேட்கிறாள். முடியாது என்கிறார். அப்படியானால் எனக்கு இது வேண்டாம், உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்கிறாள். அவர் ஆத்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டுப் புறப்படுகிறார். ஐந்து மணிக்குத் தொடங்கிய உபன்யாசகர் ஒரு மணி நாற்பது நிமிடம் இதை விரித்தார். முடித்துவிட்டு, யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார். வழக்கமாக யாரும் கேட்பதில்லை. அன்று கடைசி வரிசையில் தூணை ஒட்டி உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார்.

"சாமி, அந்த இன்னொரு அம்மா?"

"யாரைச் சொல்றேள்?"

"காத்யாயனி அம்மா. அவங்க அன்னிக்கு இன்னா ஆக்கினாங்க?"

உபன்யாசகருக்குப் புரியவில்லை.

"சமையல் சாமி. பெரியவர் பொறப்பட்ட அன்னிக்கு எத்தினி பேருக்கு ஒல வச்சாங்க? ஒரு ஆளக் கொறச்சு வச்சாங்களா, இல்ல மறந்துபோயி அவருக்கும் சேத்து வச்சாங்களா?"

கொட்டகை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். உபன்யாசகர் மட்டும் சிரிக்காமல், "காத்யாயனி லௌகிகம் அப்பா. அவளைப் பத்திப் பெரியவா அதிகம் பேசலை. நீ மைத்ரேயியைப் பிடிச்சுக்கோ" என்றார்.

"அவங்கள எல்லாரும் புடிச்சிகினு கீறாங்க சாமி" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். இதற்கும் சிரித்தார்கள்.

அவர் எங்கள் தொழிற்சாலைக்காரர்தான். நான் ராணுவ வண்டிகள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அளவு சோதனைப் பிரிவில் இருந்தேன். ஒரு பல்சக்கரத்தின் பல் ஒரு மயிரிழை கூடியிருந்தாலும் திருப்பி அனுப்புவது என் வேலை. அவர் உலைக்கூடத்தில் இருந்தார், இரும்பைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கும் இடம். குட்டையான மனிதர். உலை வெக்கையில் இரண்டு புருவமும் பொசுங்கிப் போயிருந்ததால் முகம் எப்போதும் எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பதுபோல இருக்கும். ஊர் கரையான்சாவடி. தினமும் பூந்தமல்லி ரோடு வழியாகச் சைக்கிளில் வருவார். வண்டியை விட்டு இறங்கும் பழக்கம் கிடையாது. ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில், அப்படியே நின்று பேசுவார்.

பெயரை எழுதப்போவதில்லை. தொழிற்சாலையில் பாதிப் பேருக்கு அது தெரியவும் தெரியாது. 'இன்னா சமையல்' என்றால்தான் தெரியும். மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் தன் டப்பாவைத் திறக்குமுன் வரிசையாக எல்லாரிடமும் போய், "உன் டப்பால இன்னா? ஊட்ல இன்னா குடுத்தாங்க?" என்று கேட்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஓசிக்கு அலைகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். "மாமே, சமையல் வரார், டப்பாவ மூடு" என்று கேலி நடக்கும். ஒருவர் டப்பாவிலிருந்தும் அவர் ஒரு பருக்கை எடுத்து நான் பார்த்ததில்லை. பதில் வந்தால் போதும். "கொத்தவரங்கா பொரியல் அண்ணாத்தே" என்று ஒருவன் சொன்னால், "தேங்கா போட்டுகீதா?" என்பார். டப்பாவைத் திறந்து பார்த்துத்தான் அவன் சொல்வான். பார்க்க வைப்பதுதான் நோக்கமோ என்று எனக்குப் பின்னால் தோன்றியிருக்கிறது.

எல்லாருக்கும் இது வேடிக்கையாகவே இருந்துவிடவில்லை. மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்ட ஒரு ஃபோர்மனிடம் விவரம் தெரியாமல் கேட்டுவிட்டார். அந்த மனிதர் ஓட்டல் இட்லிப் பொட்டலத்தை இவர் நெஞ்சில் வீசியெறிந்தார். இவர் குனிந்து நான்கு இட்லியையும் பொறுக்கி இலையில் வைத்து ஓரமாக வைத்தார். அதோடு விடுவார் என்று நினைத்தோம். மறுநாள் அதே இடத்தில் போய் நின்று, "இன்னிக்கு இன்னா சார்?" என்றார். ஃபோர்மன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "நானே வச்ச ரசம்யா. உப்பு ஜாஸ்தி" என்றார். மூன்றாம் மாதம் அந்த அம்மாள் திரும்பி வந்தாள். இதனால்தான் வந்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். வந்தாள், அவ்வளவுதான்.

கார்த்திகை மாதம் சபரிமலைக்கு மாலை போட்டு ஆட்கள் கிளம்பினால், அவர்கள் திரும்பும்வரை அந்த வீடுகளுக்கு மாலையில் ஒரு சுற்று போவார். வாசல் கேட்டில் மணியடித்து, "இன்னிக்கு இன்னா சமையல்மா?" என்று கேட்டுவிட்டு, பதில் வாங்கிக்கொண்டு போய்விடுவார். வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. "போறவனுக்கு வழி காட்ட குருசாமி கீறாரு. இருக்கறவங்கள யாரு கேக்கறது?" என்பார்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

1986 சித்திரை முதல் நாளிலிருந்து நான் ராம நாமம் எழுதிவந்தேன். இலக்கு ஒரு கோடி. பக்கத்துக்கு 250, நாளைக்குப் பத்துப் பக்கம், 2,500. ஆக நாலாயிரம் நாள். சனிக்கிழமைகளில் மட்டும் விடியற்காலையில் எழுதிவிட்டு மாலையில் உபன்யாசத்துக்குப் போவேன். மற்ற நாட்களில் மாலை ஆறு மணிக்கு அறைக் கதவைச் சாத்தினால் எட்டேகாலுக்குத் திறப்பேன். சாப்பிட்டு ஒன்பதுக்குப் படுப்பேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் இரண்டே பேர், ஆறு மணிக்குப் பிறகு ஒருவர். மனைவிக்கு இரைப்பு உண்டு. எழுதும்போது சமையலறையிலிருந்து அவள் மூச்சிழுக்கும் சத்தம் கேட்கும். அது எழுத்தைத் தடுக்காதபடி மனத்தைப் பழக்கிக்கொண்டேன். அப்படிப் பழகியதை அன்று ஒரு சாதனையாகவே நினைத்தேன்.

இந்த எழுத்தைப் பற்றி அவரிடம் ஒருமுறை சொன்னேன். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். அவரும் தேடுகிறவர்தான். ஆவடி, அம்பத்தூர், குமணன்சாவடி என்று எங்கே உபன்யாசம் நடந்தாலும் கடைசி வரிசையில் இருப்பார். பிருகுவின் கதை அவருக்கு மிகவும் பிடிக்கும். பிருகு தன் தகப்பனிடம் போய், எல்லாம் எதிலிருந்து வந்தது என்று கேட்கிறான். தவம் செய்து நீயே கண்டுபிடி என்கிறார் தகப்பன். முதல் தவத்தில் அது சோறு என்று தெரிகிறது. பிறகு மூச்சு, மனம், அறிவு, ஐந்தாவதாக ஆனந்தம்.

"அஞ்சு படி சார். நான் மொதப் படியிலயே நின்னுகினு கீறேன்" என்றார்.

"மேலே ஏற வேண்டாமா?"

"ஏறலாம். அஞ்சாவதுக்குப் போனவன் அப்பறம் இன்னா பண்றான் தெரியுமா? எறங்கி வந்து, இனிமே சோத்த இகழ மாட்டேன்னு விரதம் எடுக்கறான். உபன்யாசம் பண்றவங்க அத்த மட்டும் உட்டுட்டு மங்களம் பாடிடறாங்க."

வீட்டுக்கு வந்து புத்தகத்தில் பார்த்தேன். அவர் சொன்னது சரியாக இருந்தது. பக்க எண்ணைக்கூடக் குறித்து வைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

1989 டிசம்பரில் எங்கள் பிரிவுக்காரர் ஒருவர் அயனம்பாக்கத்தில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தார். திரும்பும்போது உலைக்கூடத்துக்காரரும் நானும் ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்தினோம். அன்றைக்குத்தான் அவர் வண்டியிலிருந்து முழுதாக இறங்கி நான் பார்த்தேன். பொங்கலுக்கு மறுநாள் திருவண்ணாமலைக்குப் போகப்போவதாகவும், அங்கே ஒரு ஆசிரமத்தில் ஒரு மண்டலம் தங்கி நாளைக்குப் பத்தாயிரம் எழுதப்போவதாகவும் சொன்னேன்.

"அம்மா கைல சொல்ட்டீங்களா?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னாங்க?"

"ஒன்றும் சொல்லவில்லை."

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏரியில் நாரைகள் இருந்தன, பதினேழு.

"நானும் போனவன்தான் சார். முப்பத்தோரு வயசுல காவி கட்டிகினு மூணு வருசம் சுத்தினேன். காசி வரைக்கும் போனேன். நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. திரும்பி வந்தா ஊடு பூட்டிகீது. பக்கத்து ஊட்டு அம்மா சாவி குடுத்துச்சு. என் பொண்டாட்டி போய்ட்டாளாம், காய்ச்சலாம். நாலு மாசம் ஆச்சுன்னுச்சு. உள்ள போனேன். அடுப்பாண்ட சட்டிபான எல்லாம் கழுவி கவுத்து வச்சிருந்தா. கவுத்து வச்சிட்டுத்தான் படுத்திருக்கா. அன்னிலேந்து எனக்கு ஒரே ரோதன சார். கடைசியா இன்னா ஆக்கினா? யாருக்குமே தெரில. தெருல ஒரு ஊடு பாக்கி உடாம கேட்டேன்."

அது அவருடைய கதை என்று நினைத்தேன். என் மனைவிக்கு வந்தது வெறும் இரைப்பு, நான் போவது நாற்பத்தெட்டே நாள்.

1990 ஜனவரி 15, திங்கட்கிழமை, மாட்டுப் பொங்கலன்று காலை முதல் பஸ்ஸில் போனேன். அதுவரை எழுதியது 34,30,000. நாற்பத்தெட்டு நாளில் 4,80,000 எழுதினேன். மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை காலை திரும்பினேன். மனைவி கதவைத் திறந்தாள். அவள் முகம் சற்றுப் பூசினாற்போல இருந்தது. இரைப்பு குறைந்திருந்தது. காப்பி கொடுத்துக்கொண்டே, "நாப்பத்தெட்டு நாள்ல ஒரு குழம்ப ரெண்டாந்தடவ வைக்கலங்க" என்றாள்.

"எதற்கு?"

"தினம் சாயங்காலம் உங்க உலைக்கூடத்து அண்ணன் வந்து கேப்பாங்க. நேத்து சொன்னதையே சொன்னா நல்லா இருக்குமா?" என்று சிரித்தாள். கடைசி நாட்களில் யோசித்து யோசித்துச் செய்தாளாம். நாற்பத்தாறாம் நாள் மாங்கொட்டைக் குழம்பு, நாற்பத்தேழு மணத்தக்காளி வற்றல். "நல்லெண்ணெயா, கடலெண்ணெயான்னு வேற கேப்பாங்க" என்றாள்.

அன்று மாலை தண்ணீர்க் குழாயடியில் எதிர் குவார்ட்டர்ஸ் டீச்சரம்மா நின்றிருந்தார். கத்தோலிக்கக் குடும்பம், எங்களோடு பதினோரு வருடப் பழக்கம். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்: "அண்ணே, நீங்க இல்லாதப்ப அக்கா அவ்ளோ சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அந்த சைக்கிள் அண்ணன் வந்தாப் போதும். பாவம், கேட்டுக்கு வெளியவே நின்னு பேசிட்டுப் போவாரு."

முதல் வாக்கியத்துக்குப் பிறகு நான் எதையும் மனத்தில் வாங்கவில்லை.

மறுநாள் மார்ச் 5, திங்கட்கிழமை. மாலை ஐந்து மணி ஐம்பது நிமிடத்துக்குச் சைக்கிள் மணி கேட்டது. மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் அவளை முந்திக்கொண்டு கேட்டுக்குப் போனேன்.

"இன்னா சார், வந்துட்டீங்களா? அண்ணாமலையார் எப்டி கீறாரு?"

"நான் வந்துவிட்டேன். இனிமேல் நீங்கள் வரத் தேவையில்லை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலாக வாசற்படியைப் பார்த்தார்.

"அதுவும் செரிதான். நீங்க வந்துட்டீங்கன்னா நீங்க கேக்கப் போறீங்க. நான் எதுக்கு?" என்றார். கோபமே இல்லை. பெடலை மிதித்துப் போய்விட்டார். உள்ளே வந்தபோது மனைவி வாசலில் இல்லை. மணி ஐந்து ஐம்பத்தாறு. ஆறுக்குக் கதவைச் சாத்தி எழுத உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. தொழிற்சாலையில் பார்த்தால் வணக்கம் சொல்வார். என் டப்பாவைப் பற்றி மட்டும் கேட்பதை விட்டுவிட்டார். வரிசையில் எனக்கு முன்னால் இருப்பவரிடம் கேட்பார், என்னைத் தாண்டி அடுத்தவரிடம் கேட்பார். அவர் ஓய்வு பெறும்வரை அப்படித்தான்.

மனைவி கொஞ்ச நாள் ஐந்தே முக்காலுக்கு வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அதுவும் நின்றது. ஒருநாள் எட்டேகாலுக்கு நான் தட்டின் முன் உட்கார்ந்தபோது, "என்ன சமையல்னு கேக்க மாட்டீங்களா?" என்றாள். மனத்துக்குள் அன்றைய பக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நான், "ஏன், என்ன ஆச்சு?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றாள். அதை அவள் ஒரே ஒரு முறைதான் கேட்டாள். மெல்ல மெல்ல வாரம் முழுக்க ஒரே புளிக்குழம்பாகிவிட்டது. அப்படித்தான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

1995 டிசம்பர் 9, சனிக்கிழமை, விடியற்காலை நான்கு பத்துக்கு நான் எழுத எழுந்தபோது அவள் எழவில்லை. டாக்டர் வந்து, மூச்சு நின்று இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார். வெளியே தூறலும் பனியும் கலந்திருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், டிசம்பர் 25, அவரிடம் சொல்லப் போனேன். வேறு யாரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. ஆவடியிலிருந்து பூந்தமல்லி பஸ் அன்று நாற்பத்திரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. அந்த நாற்பத்திரண்டு நிமிடமும் ஒன்றையே நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்பார். முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை இரவு எட்டேகால். தட்டு நினைவிருந்தது, விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் தட்டு. அவள் வளையல் நினைவிருந்தது. தட்டில் என்ன இருந்தது? அன்று மாலை நான் எழுதியது 91,72,501 முதல் 91,75,000 வரை. அது தெரிந்தது. கோடிக்கு இன்னும் 330 நாள் என்று மனத்தில் கழித்துப் பார்த்தபடி சாப்பிட்டதும் தெரிந்தது. அவள் போன அன்றே சமையலறையில் போய்ப் பார்த்திருந்தேன். எல்லாப் பாத்திரமும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

கரையான்சாவடியில் இறங்கி ஒரு பழக்கடையில் வழி கேட்டேன். "ஓ, இன்னா சமையல் நைனா ஊடா? மாவு மில்லுக்குப் பின்னாடி" என்றார்கள். ஒற்றை அறை. அவர் தரையில் உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஓய்வு பெற்ற பின்னாவது புருவம் வளர்ந்திருக்கும் என்று நினைத்தேன், வளரவில்லை.

"சார்! வாங்க, வாங்க. அம்மா எப்டி கீறாங்க?"

சொன்னேன். அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தார். மாவு மில் ஓடும் சத்தம் கேட்டது. அவர் வாயைத் திறப்பதைப் பார்த்து நான் தயாரானேன்.

"சாப்ட்டீங்களா?" என்றார்.

"இல்லை."

எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். சாம்பார் கொதித்தது, கிழங்கு வெந்தது, அவர் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. என்னால் பொறுக்க முடியவில்லை.

"கேளுங்கள்" என்றேன்.

"இன்னாத்த சார்?"

"எல்லாரையும் கேட்பீர்களே. அவள் கடைசியாக என்ன சமைத்தாள் என்று."

அவர் கரண்டியைத் துடைத்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வாணாம் சார். உங்களுக்குத் தெரியாது."

"எப்படிச் சொல்கிறீர்கள்?"

"தெரிஞ்சிருந்தா, உள்ள வந்ததுமே சொல்லியிருப்பீங்க." சற்றுப் பொறுத்து, "நான் ஊர்ல இல்ல, எனக்குத் தெரில. நீங்க துன்னீங்களே சார்" என்றார். குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. தனக்கே ஏதோ ஆறுதல் போனதுபோலச் சொன்னார்.

பிறகு தட்டை வைத்தார். வைத்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். "முருங்கக்கா சாம்பார். உருளக்கெழங்கு. இது நேத்து ஊறவச்ச நார்த்தங்கா. பாத்து சாப்டுங்க சார்." முருங்கைக்காய் ஏழு துண்டு இருந்தது. உருளைக்கிழங்கில் சோம்பு போட்டிருந்தார். என் வாழ்க்கையில் முழுதாக நினைவிருக்கும் சாப்பாடு அது ஒன்றுதான், அது அவள் சமைத்ததல்ல. பஸ் ஏற்றிவிட வந்தவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். பஸ் திரும்பும்வரை ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில் நின்றிருந்தார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அடுத்த ஆடியில் அவரும் போய்விட்டதாகத் தொழிற்சாலைக்காரர் ஒருவர் சொன்னார். கடைசியாக அவர் என்ன சமைத்துக்கொண்டார் என்று சொன்னவரிடமே கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கோடியை நான் முடிக்கவில்லை. 91,75,000த்தோடு நோட்டு நின்றது. மைத்ரேயி கேட்ட கேள்விக்கு விடை தேடித்தான் உட்கார்ந்தேன், காத்யாயனியிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. எழுத உட்காருமுன் சமையலறை வாசலில் நின்று அதைக் கேட்க ஒரு நிமிடம் போதும். 1990 மார்ச் 6 முதல் 1995 டிசம்பர் 8 வரை, நாளுக்கு ஒரு நிமிடமாக நான் மிச்சம் பிடித்தது முப்பத்தைந்து மணி நான்கு நிமிடம், ஒன்றரை நாள்கூட இல்லை. அதற்கு ஆன செலவு, அவளுடைய மாலைகள் 2,104.